கட்டம் எண்ணிக் குதியுங்கள்: பழைய டூம் ரைடர் பற்றி வாசகர் கேள்வி – பதில்

இங்கிலாந்தின் டெர்பி நகரில் இருந்த கோர் டிசைன் நிறுவனம் 1996 முதல் 2003 வரை ஆறு டூம் ரைடர் (Tomb Raider) சாகச வீடியோ கேம்களைத் தந்தது. அவற்றில் முதல் மூன்றும் 2024-இலும், மற்ற மூன்றும் 2025-இலும் புதுப்பொலிவோடு மறுபடி வெளிவந்தன. அதிலிருந்து இந்தப் பழைய காலத்தைப் பற்றிய கேள்விகள் நிறைய வருகின்றன. இந்த இதழ் முழுக்க அவற்றுக்கே.

கேள்வி: புதிய டூம் ரைடர்களை மட்டுமே ஆடியிருக்கிறேன். பழைய ஆறில் எதிலிருந்து தொடங்கலாம்? எல்லாவற்றையும் ஆடித்தான் ஆக வேண்டுமா?

முதல் கேமிலிருந்தே தொடங்குங்கள். பழம்பெருமைக்காகச் சொல்லவில்லை. இந்தத் தொடரின் இலக்கணத்தை ஒவ்வொரு எழுத்தாகக் கற்றுத்தருவது அது ஒன்றுதான். பெருவில் பனிக்குகை, ஓநாய், கரடி. பிறகு கிரேக்கம், எகிப்து, அட்லாண்டிஸ். மொத்தம் 15 லெவல். எதிரிகள் குறைவு, மௌனம் அதிகம். ஓர் அறைக்குள் நுழைந்து, நின்று, சுற்றிப் பார்த்து, ‘அந்த மேல் விளிம்புக்கு எப்படிப் போவது?’ என்று யோசிப்பதுதான் ஆட்டமே. வடிவமைப்பாளர் டோபி கார்ட் உருவாக்கிய நாயகி லாரா கிராஃப்ட் உலகப் புகழ் பெற்றது பிறகு நடந்தது. கார்ட் வடிவமைப்பில் முன்னணியில் நின்றது இந்த ஒரு கேமில்தான். 1997-இல் நிறுவனத்தை விட்டுப் போய்விட்டார். அந்த வேறுபாடு ஆடுகிறவருக்குத் தெரியும்.

அடுத்து இரண்டாவது (1997). அதன் பின் மூன்றாவதைத் தள்ளி வைத்துவிட்டு நான்காவதான ‘த லாஸ்ட் ரெவலேஷன்’ (1999) ஆடலாம். மூன்றாவது (1998) கடினமானது, சில இடங்களில் நியாயமற்றது. கை பழகிய பிறகு திரும்பி வாருங்கள். ஐந்தாவதான ‘க்ரானிக்கிள்ஸ்’ (2000) தனித்தனிக் கதைகளின் தொகுப்பு. ரோம், ரஷ்ய நீர்மூழ்கிக் கப்பல், சிறுமி லாரா வரும் அயர்லாந்துத் தீவு, வானளாவிய அலுவலகக் கட்டடம் என்று நான்கு பகுதி. நான்காவதின் முடிவைப் பார்க்காமல் இதைத் தொட வேண்டாம், கதை கெட்டுப்போகும். ஆறாவதைப் பற்றிப் பின்னால் தனியே ஒரு கேள்வி இருக்கிறது.

கேள்வி: ஓடிவந்து குதிக்கும்போது பாதி நேரம் விளிம்பைத் தாண்டி ஓடிப் பள்ளத்தில் விழுகிறேன். மீதி நேரம் குதித்தும் எட்டவில்லை. என் கை வேகம் போதவில்லையா?

கை வேகத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஒரு முறை இந்தக் கணக்குப் பிடிபட்டுவிட்டால் முதல் ஐந்து கேம்களும் உங்களுக்குத் திறந்துவிடும். அதனால் இதை மட்டும் கொஞ்சம் நீட்டியே சொல்கிறோம்.

இந்த ஐந்து கேம்களின் உலகமும் சதுரக் கட்டங்களால் ஆனது. தரை, சுவர், பள்ளம், நகர்த்தும் பெட்டி எல்லாம் அந்த ஒரே கட்டத்தின் அளவில்தான் நிற்கும். உயரத்தைக் கால் கட்டம் கால் கட்டமாக எண்ணுவார்கள். நான்கு கால் சேர்ந்தால் ஒரு முழுக் கட்டம். தரையில் ஒட்டிய கல் படத்தைக் கவனியுங்கள். பெரும்பாலும் ஒரு படம் ஒரு கட்டத்தை நிரப்பும். பள்ளத்தின் ஓரத்துச் சுவரில் அதே படங்களை எண்ணினால் பள்ளத்தின் அகலம் கிடைத்துவிடும்.

லாராவின் உடல் அசைவுகளும் அதே அளவுகோலில் அடித்துவைத்தவை. நின்ற இடத்திலிருந்து முன்னால் குதித்தால் ஒரு கட்டப் பள்ளத்தைத் தாண்டுவாள். ஓடிவந்து குதித்தால் இரண்டு கட்டம். ஓடிவந்து குதித்து, காற்றில் இருக்கும்போதே ஆக்‌ஷன் பட்டனை அழுத்திப் பிடித்திருந்தால் மூன்று கட்டத்துக்கு அப்பால் உள்ள விளிம்பைக் கையால் பற்றுவாள். நான்கு கட்டப் பள்ளம் சமதளத்தில் எதிரே தெரிந்தால் அது வழி அல்ல, வேறு எங்கேயோ பாதை இருக்கிறது என்று பொருள். அங்கே இருபது முறை குதித்துச் சாக வேண்டியதில்லை.

இனி, குதிக்கும் முறை. நடை பட்டனை அழுத்தியபடி விளிம்பு வரை நடந்து போங்கள். நடை பட்டன் அழுத்தியிருக்கும்வரை லாரா விளிம்பைத் தாண்டி விழ மாட்டாள், தானே நின்றுவிடுவாள். இப்போது நடை பட்டனை விட்டுவிட்டு, பின் அம்பை ஒரே ஒரு முறை தட்டுங்கள். அவள் பின்னால் ஒரு துள்ளல் துள்ளுவாள். அந்தத் துள்ளலின் நீளம் ஏறக்குறைய ஒரு கட்டம். ஓட்டத்துக்குத் தேவையான இடமும் அதுவேதான்; தற்செயல் அல்ல, அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். பிறகு முன் அம்பை அழுத்துங்கள். ஓட்டம் தொடங்கியதும் உடனே குதி பட்டனை அழுத்தி விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். அவள் அந்தக் கணமே குதிக்க மாட்டாள். ஓட்ட அடிகளை எடுத்து முடித்து விளிம்பில் கால் பதியும்போதுதான் எழுவாள். நீங்கள் விளிம்பைப் பார்த்து நேரம் பிடிக்கத் தேவையே இல்லை.

எங்கே தவறுகிறது என்றால், பெரும்பாலானவர்கள் குதி பட்டனைக் கடைசி நொடிவரை தாமதிக்கிறார்கள். இந்த எஞ்சின் பட்டன் அழுத்திய கணத்தைப் பார்ப்பதில்லை, அடுத்த கால் பதியும் கணத்தைப் பார்க்கிறது. தாமதித்தால் அந்த அடி பள்ளத்தின் மேல் விழும். இன்னொரு தவறு, முன் அம்பையும் குதி பட்டனையும் ஒரே நேரத்தில் அழுத்துவது. அப்போது அவள் நின்ற இடக் குதிப்பைத்தான் செய்வாள், ஒரு கட்டத்தோடு சரி. மூன்றாவது தவறு, விளிம்பு வரை நடக்காமல் குத்துமதிப்பாக நின்று பின்னால் துள்ளுவது. தொடக்கம் அரைக் கட்டம் பிசகினால் முடிவும் அரைக் கட்டம் பிசகும். கோணமும் முக்கியம்: பள்ளத்துக்கு நேர் எதிராக நில்லுங்கள். சாய்வாகக் குதித்தால் தூரம் கூடிவிடும், எதிர் விளிம்பைப் பற்றவும் கை மறுக்கும்.

உயரத்துக்கும் கணக்கு உண்டு. கால் கட்ட உயரத்தை ஓடும்போதே ஏறிவிடுவாள். அரைக் கட்டம், முக்கால் கட்டம் என்றால் சுவரை ஒட்டி நின்று முன் அம்போடு ஆக்‌ஷன். ஒரு கட்டத்திலிருந்து ஒன்றே முக்கால் கட்டம் வரை எகிறிப் பற்றித் தொங்கி ஏறுவாள். இரண்டு கட்டச் சுவர் கைக்கு எட்டாது. அருகில் நகர்த்தும் பெட்டி இருக்கிறதா பாருங்கள்.

சரிவுகளில் ஒரு கட்ட நீளத்துக்கு அரைக் கட்டம் வரை உயர்ந்தால் நிற்கலாம். முக்கால் கட்டமோ அதற்கு மேலோ உயர்ந்தால் வழுக்கிவிடும். கீழே பள்ளம் இருந்தால், சரிவின் மேல் முதுகு காட்டி இறங்கி, வழுக்கும்போதே ஆக்‌ஷனைப் பிடித்திருங்கள்; சரிவின் கடைசி விளிம்பில் தொங்கி நிற்பாள். முகம் காட்டி வழுக்கினால் அந்த வாய்ப்புக் கிடையாது, முனையில் குதித்தே ஆக வேண்டும்.

கேள்வி: புதுப்பித்த பதிப்பில் ‘டாங்க்’ கன்ட்ரோல், நவீன கன்ட்ரோல் என இரண்டு இருக்கின்றன. நவீனம்தானே வசதி?

முதல் பத்து நிமிடத்துக்கு வசதி. அதன் பிறகு அது எதிரி.

டாங்க் கன்ட்ரோலில் முன் அம்பு என்றால் லாராவின் முகம் இருக்கும் திசை. கேமரா எங்கே போனாலும் அது மாறாது. நவீன கன்ட்ரோலில் திசையைக் கேமரா தீர்மானிக்கிறது. இந்தக் கேம்களில் கேமரா தானாகத் திரும்பும் இடங்கள் ஏராளம். ஓடிவரும்போது கேமரா மாறினால் உங்கள் ஓட்டமும் வளையும். மேலே சொன்ன நடை, ஒரு துள்ளல், ஓட்டம் என்ற அளவெடுப்பு டாங்க் கன்ட்ரோலுக்காகவே அமைந்தது. நவீனத்தில் அதே துல்லியம் வராது. முதல் கேமில் லாராவின் வீடு பயிற்சிக்களமாக வைக்கப்பட்டிருக்கிறது. அங்கே ஒரு மணி நேரம் டாங்க் கன்ட்ரோலில் பழகுங்கள். பிறகு நீங்களே திரும்பிப் போக மாட்டீர்கள்.

புதுப்பித்த பதிப்பில் வேறொரு சிக்கலும் உண்டு. புதிய ஒளியமைப்பில் சில அறைகள் இருண்டு கிடக்கின்றன. சாவியோ சுவரில் உள்ள நெம்புகோலோ கண்ணில் படாது. கணினியில் எஃப்1 விசையைத் தட்டினால் உடனே பழைய காட்சிக்கு மாறும். அறைக்குள் நுழைந்ததும் ஒரு முறை மாற்றிப் பார்த்துவிட்டுத் திரும்புவதை வழக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. வடிவமைத்தவர்கள் உங்களுக்குக் காட்ட நினைத்த வெளிச்சம் அதுதான்.

கேள்வி: பழைய பிளேஸ்டேஷன் டிஸ்க்கில் முதல் கேமை ஆடுகிறேன். நினைத்த இடத்தில் சேவ் செய்ய முடியவில்லையே?

முதல் கேமின் பிளேஸ்டேஷன் பதிப்பில் நீல நிறப் படிகங்கள் இருக்கும் இடத்தில்தான் சேவ். ஒரு படிகம் ஒரு முறைதான், பிறகு மறைந்துவிடும். ஆகையால் படிகத்தைக் கண்டதும் தொடாதீர்கள். சுற்றியுள்ள பகுதியில் செய்ய வேண்டியதை முடித்து, பொருட்களைச் சேகரித்து, அடுத்த ஆபத்துக்குப் போகும் முன் திரும்பி வந்து தொடுங்கள்.

கணினிப் பதிப்பில் எங்கும் சேவ் செய்யலாம். இரண்டாவது கேமில் பிளேஸ்டேஷனிலும் அந்தச் சுதந்திரம் வந்தது. மூன்றாவதில் பிளேஸ்டேஷனுக்கு மறுபடி படிகம். ஆனால் இந்த முறை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு வேண்டிய இடத்தில் பயன்படுத்தலாம். அதே படிகம் கணினிப் பதிப்பில் லாராவின் உயிரை ஏற்றும். ஒரே பொருளுக்கு இரண்டு பதிப்பில் இரண்டு வேலை என்பதால், பழைய வழிகாட்டிகளைப் படிக்கும்போது எந்தப் பதிப்புக்கு எழுதியது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கும் சேவ் செய்யக்கூடிய பதிப்பில் ஒரே இடத்தின் மேல் திரும்பத் திரும்ப எழுதாதீர்கள். காற்றில் விழுந்துகொண்டிருக்கும்போது கைதவறி சேவ் செய்தால் அந்த சேவ் செத்தது. குறைந்தது மூன்று இடங்களைச் சுழற்சியாக வையுங்கள். ஒவ்வொரு லெவலின் தொடக்கத்துக்கும் தனியாக ஒன்று.

கேள்வி: முதல் கேமில் மூன்று இடங்களில் முட்டி நிற்கிறேன்: மைடாஸ் அரண்மனையில் ஈயக்கட்டி, வில்லி நட்லாவின் சுரங்கத்தில் துப்பாக்கி இல்லாமை, அட்லாண்டிஸில் லாராவைப் போலவே இருக்கும் அந்த உருவம்.

மைடாஸின் உடைந்த சிலையின் கை தரையில் கிடக்கிறது அல்லவா, அதன் மேல் ஏறாதீர்கள். ஏறினால் லாராவே பொன்னாகி உறைந்துபோவாள். கைக்குப் பக்கத்தில் தரையில் நின்று, பையிலிருந்து ஈயக்கட்டியைத் தேர்ந்தெடுத்துப் பயன்படுத்துங்கள், பொன்கட்டியாகும். மூன்று கட்டி வேண்டும். மூன்றையும் சேர்த்துக்கொண்டு ஒரே நடையில் வந்து மாற்றினால் அலைச்சல் மிச்சம்.

சுரங்கத்தில் துப்பாக்கிகள் பறிபோவது கதைப்படி. முதலில் அந்த லெவலிலேயே பிஸ்டல்களைத் தேடி எடுக்க வேண்டும். அது கையில் வரும்வரை எதிரிகளைச் சீண்டாதீர்கள். மற்றவை நட்லாவின் கூலிப்படையினரிடம் இருக்கின்றன: தொப்பிக்காரனிடம் மேக்னம், சறுக்குப்பலகைப் பையனிடம் உஸி (Uzi), மொட்டைத்தலையனிடம் ஷாட்கன். வீழ்த்தியதும் கீழே கிடப்பதை மறக்காமல் எடுங்கள்.

அட்லாண்டிஸின் இரட்டை உருவத்தைச் சுடவே கூடாது. அதன் மேல் படும் ஒவ்வொரு குண்டும் உங்கள் உயிரைக் குறைக்கும். அது உங்கள் அசைவைக் கண்ணாடிபோல எதிர்ப்பக்கத்தில் செய்கிறது. தீர்வும் அதிலேயே இருக்கிறது. நெம்புகோலை இழுத்தால் அறையின் அதன் பக்கத்தில் தரைக்கதவு ஒன்று திறக்கும். அந்தப் பள்ளத்துக்கு நேர் எதிரொத்த இடம் உங்கள் பக்கத்தில் கெட்டித் தரையாக இருக்கும். அங்கே நடந்து போங்கள். அது பள்ளத்தில் நடந்து விழும். துப்பாக்கியோடு வந்தவரைத் துப்பாக்கியை மறக்கவைக்கும் இந்த அறைதான் கோர் டிசைன் காலத்தின் உச்சம் என்பது எங்கள் தீர்மானமான கருத்து.

கேள்வி: இரண்டாவது கேமில் திபெத் மடத்துத் துறவிகள் திடீரென்று என்னைத் தாக்குகிறார்கள். ஏன்?

உங்கள் குண்டு ஒருவர் மேல் பட்டிருக்கும். பர்காங் மடத்தில் துறவிகள் உங்கள் பக்கம். வில்லன் மார்கோ பார்டோலியின் அடியாட்களோடு அவர்களே சண்டை போடுவார்கள். ஒரு துறவியைக் காயப்படுத்தினால் போதும், அத்தனை பேரும் எதிரிகளாகிவிடுவார்கள். அதற்கு முந்தைய சேவுக்குத் திரும்புவதே நல்லது. மடத்துக்குள் நுழைந்ததும் துப்பாக்கியை உறையில் போடுங்கள். அடியாள் வந்தால் துறவிகள் சூழ்ந்துகொள்ளட்டும். நீங்கள் ஒதுங்கி நின்று, அவன் தனியாகத் தப்பி வந்தால் மட்டும் சுடுங்கள். கையெறி குண்டுத் துப்பாக்கியை இங்கே எடுக்கவே வேண்டாம்.

இதே கேமில் வேறு இரண்டு இடங்களிலும் பலர் மாட்டுவதுண்டு. ‘40 ஃபேதம்ஸ்’ லெவல் நடுக்கடலில் இருட்டில் தொடங்கும். லாராவின் மூச்சு சுமார் 60 வினாடி. சுறாவைப் பார்த்து மேலும் கீழும் அலைந்தால் அங்கேயே முடிவு. கடல்தரையில் வரிசையாகச் சிதறிக் கிடக்கும் பொருட்களைத் தொடர்ந்து நேராக நீந்துங்கள். கடைசியில் வரும் டிராகனைச் சுட்டு வீழ்த்தினால் மட்டும் போதாது. விழுந்துகிடக்கும்போதே வயிற்றுப் பக்கம் போய் ஆக்‌ஷன் அழுத்திக் குத்துவாளை உருவ வேண்டும். தாமதித்தால் மீண்டும் எழுந்துவிடும்.

ஏணிச்சுவர் ஏறுவது, இருட்டில் எரியும் ஃப்ளேர், படகு, பனிவண்டி என்று இரண்டாவது கேம் சேர்த்தவை நல்லவை. கப்பல் தலைகீழாகக் கிடக்கும் மரியா டோரியா லெவல்களின் அழகு தனி. ஆனால் துப்பாக்கி ஏந்திய மனிதர்கள் அளவுக்கு மீறி வருகிறார்கள். விலங்கு என்றால் உயரமான கல்லில் ஏறி நின்று நிதானமாகச் சுடலாம். மனிதன் தூரத்திலிருந்தே சுடுவான். அங்கே யோசனைக்கு இடமில்லை, பக்கவாட்டில் குதித்துக்கொண்டே சுடுவதுதான் ஒரே வழி. முதல் கேமின் மௌனத்தை இது தின்றுவிட்டது. இதைக் குறை என்றே சொல்வோம்.

கேள்வி: மூன்றாவது கேமில் இந்தியா முடிந்ததும் மூன்று இடங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. எதை முதலில்?

நெவாடா. யோசிக்கவே வேண்டாம். நெவாடாவின் நடுவில் லாரா சிறைப்படுவாள், சேர்த்த துப்பாக்கிகள் எல்லாம் போய்விடும். கடைசியில் போனால் இழப்பு பெரிது, முதலிலேயே போனால் இழக்க அதிகம் இருக்காது. சிறைப் பகுதியில் கைதிகளின் அறைகளைத் திறந்துவிடுங்கள், காவலர்களை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். கைதிகளைச் சுடாதீர்கள்.

பிறகு தென் பசிபிக், லண்டன். இந்த இரண்டின் வரிசை உங்கள் விருப்பம். கடைசியில் அண்டார்டிகா தானாக வரும். அங்கே தண்ணீருக்குள் மூச்சுக்கு முன்பே குளிர் கொல்லும்: தனியாக ஒரு பட்டை குறையும், அது தீர்ந்தால் உயிர் குறையத் தொடங்கும். கரையேறினால் பட்டை நிரம்பிவிடும். குதித்து, செய்ய வேண்டியதைச் செய்து, ஏறி, காத்திருந்து, மறுபடி குதியுங்கள்.

இந்தக் கேமை நியாயமற்றது என்று சொன்னோம். காரணம், முதல் கேமில் பொறி எதுவானாலும் கூர்ந்து பார்த்தால் முன்கூட்டியே ஒரு தடயம் தெரியும். மூன்றாவதில் செத்த பிறகே தெரிந்துகொள்ளும் பொறிகள் பல. தரை என்று நினைத்தது புதைமணலாக இருக்கும், சறுக்கின் முடிவில் எச்சரிக்கை இல்லாமல் முள் இருக்கும். சதுரக் கட்டங்களை முக்கோணமாகவும் வெட்டத் தொடங்கியதால் காடும் பாறையும் இயல்பாகத் தெரிகின்றன. அதே காரணத்தால் எது நிற்கும் தரை, எது வழுக்கும் சரிவு என்று கண்ணால் எண்ணுவது கடினமாகிவிட்டது. காட்சி அழகானதற்குக் கொடுத்த விலை அது.

கேள்வி: ‘த லாஸ்ட் ரெவலேஷன்’ உண்மையிலேயே நல்ல கேமா? எனக்கு எங்கே போவதென்றே தெரியவில்லை.

முதல் கேமுக்கு அடுத்த இடம் இதற்குத்தான். தொடக்கத்தில் சிறுமி லாரா கம்போடியாவில் தன் ஆசான் வான் க்ராயோடு வரும் பயிற்சி, அதன் பின் முழுக் கதையும் எகிப்தில். ஒரே நாட்டில் நின்றதால் கல்லறைகளின் கனம் மனத்தில் தங்குகிறது. நிறைய இடம் சுற்றிக்காட்டும் ஆசையை விட்டதே இதன் பலம்.

வழி தெரியாமல் போவதற்குக் காரணம், பல லெவல்கள் ஒன்றோடொன்று இணைந்தவை. ஓரிடத்தில் எடுத்த பொருளை வேறொரு லெவலில் பயன்படுத்தத் திரும்பி வர வேண்டியிருக்கும். கையில் ஒரு தாள் வைத்துக்கொள்ளுங்கள். பூட்டிய கதவு, பொருள் வைக்கும் குழி, எட்டாத விளிம்பு ஆகியவற்றை எழுதுங்கள். புதுப் பொருள் கிடைத்ததும் பையில் ‘சேர்’ என்ற வாய்ப்பு இருக்கிறதா பாருங்கள். இரண்டு துண்டை இணைத்தால்தான் சில பொருட்கள் வேலை செய்யும். லேசர்சைட்டை ரிவால்வரோடோ குறுக்குவில்லோடோ இணைத்துக் கொண்டால், தூரத்தில் உள்ள பந்தையோ பூட்டையோ குறிபார்த்துச் சுடலாம். கிளியோபாட்ரா அரண்மனையில் இயந்திர வண்டு கிடைக்கும். அதன் முறுக்குச் சாவியோடு இணைத்தால் தரைப்பொறிகளின் மேல் ஓடி அவற்றைச் செயலிழக்கச் செய்யும். மூன்று முறைதான் ஓடும், அதனால் ஒவ்வொரு முறையும் விடுமுன் சேவ் செய்யுங்கள்.

எலும்புக்கூடுகள் மேல் பிஸ்டல் குண்டை வீணாக்காதீர்கள், சாகாது. விளிம்பில் நிற்கும்போது ஷாட்கனால் சுட்டால் பின்னுக்குத் தள்ளப்பட்டுப் பள்ளத்தில் விழும். பள்ளம் இல்லையென்றால் வெடிக்கும் ரகக் குண்டு. செமர்கெட் கல்லறையில் வரும் செனட் பலகை ஆட்டத்தில் தோற்றாலும் பயமில்லை. வேறு, கடினமான பாதை திறக்கும். ஆட்டம் நிற்காது.

கேள்வி: தலைகீழாகக் கையூன்றி ஏறுவது, பறவைபோல் பாய்வது இவை எப்படி? ஏதாவது பயன் உண்டா?

விளிம்பில் தொங்கும்போது நடை பட்டனைப் பிடித்துக்கொண்டு முன் அம்பு: கையூன்றி ஏறுவாள். ஓடும்போது நடை பட்டனையும் சேர்த்துப் பிடித்துக் குதித்தால் பாய்ச்சல். பயன் எதுவும் இல்லை, அழகுக்காகவே. பாய்ச்சலைத் தண்ணீரின் மேல் மட்டும் செய்யுங்கள். உயரத்திலிருந்து தரையில் தலைகுப்புற விழுந்தால் உயிர்ப் பட்டை நிறைந்திருந்தாலும் சாவுதான்.

கேள்வி: ‘ஏஞ்சல் ஆஃப் டார்க்னஸ்’ ஏன் இவ்வளவு வெறுக்கப்படுகிறது? கதை எனக்குப் பிடித்திருக்கிறது.

கதை நல்ல கதைதான். பாரிஸ், ப்ராக் நகரங்களின் இருள், பீட்டர் கானலியின் இசை, கர்டிஸ் ட்ரென்ட் பாத்திரம் எல்லாமே தரமானவை. வெறுப்புக்கான காரணம் கைக்குள் இருக்கிறது.

2003-இல் வந்த இந்த ஆறாவது கேம் பிளேஸ்டேஷன் 2-க்காகப் புதிய எஞ்சினில் எழுதப்பட்டது. பழைய கட்டக் கணக்கு போனது. புதிய உலகத்துக்கு ஏற்ற புதிய கணக்கு ஒன்றை ஆடுகிறவருக்குத் தரவில்லை. பட்டனை அழுத்தினால் லாரா தாமதித்தே அசைகிறாள். ஒரு துள்ளல் இவ்வளவு, ஓட்டத்துக்கு இவ்வளவு என்று நம்பி நிற்க எதுவும் இல்லை. முன்பு விழுந்தால் ‘நான் தப்பாக எண்ணிவிட்டேன்’ என்று தோன்றும். இங்கே விழுந்தால் கேம் ஏமாற்றிவிட்டது என்று தோன்றுகிறது. அதோடு பிடியின் பலத்துக்கு ஒரு பட்டை, குறிப்பிட்ட பெட்டியைத் தள்ளினால்தான் லாராவின் பலம் கூடி அடுத்த கதவு திறக்கும் என்ற ஏற்பாடு. ஓர் இடத்தில் வழி அடைத்திருந்தால், அதே பகுதியில் தள்ளவோ இழுக்கவோ உதைக்கவோ கூடிய பொருள் மிச்சம் இருக்கிறதா தேடுங்கள். முடிக்காமலே வெளியிட்டார்கள் என்பது ஆடும்போதே தெரியும். வெளிவந்த சில வாரங்களிலேயே தொடர் கோர் டிசைனின் கையை விட்டு க்ரிஸ்டல் டைனமிக்ஸ் நிறுவனத்துக்குப் போனது.

2025-இல் வந்த பதிப்பில் கன்ட்ரோல் திருந்தியிருக்கிறது, வெட்டப்பட்ட சில பகுதிகளும் திரும்பியிருக்கின்றன. கதைக்காக ஆட விரும்பினால் அந்தப் பதிப்பையே எடுங்கள்.

கேள்வி: 2007-இல் வந்த ‘ஆனிவர்சரி’ முதல் கேமின் மறுஆக்கம்தானே? அதை ஆடினால் போதாதா?

கதைக்குப் போதும், ஆட்டத்துக்குப் போதாது. இடங்களின் பெயரும் நிகழ்வுகளும் ஒன்று, அளவுகோல் வேறு. அங்கே கொக்கிக்கயிறு உண்டு, தாவினால் விளிம்பு பெரும்பாலும் லாராவை இழுத்துக்கொள்ளும். எடுத்துக்காட்டுக்கு டைனோசர் பள்ளத்தாக்கு: ஆனிவர்சரியில் டி-ரெக்ஸ் முறைப்படி அரங்கேற்றிய பெரிய சண்டை. 1996-இல் அறிவிப்பே இல்லாமல் இருட்டிலிருந்து ஓடிவரும். பாறை இடுக்குக்குள் ஓடி நுழைந்து அங்கிருந்து சுடலாம் என்று நீங்களே கண்டுபிடிக்க வேண்டும்.

கேள்வி: ஐந்தும் முடித்துவிட்டேன். இதே பாணியில் இன்னும் ஆட ஏதாவது இருக்கிறதா?

முதலில், முதல் மூன்று கேம்களுக்கும் வந்த கூடுதல் லெவல்கள்: ‘அன்ஃபினிஷ்ட் பிசினஸ்’, ‘த கோல்டன் மாஸ்க்’, ‘த லாஸ்ட் ஆர்ட்டிஃபாக்ட்’. மூன்றும் 2024 பதிப்பிலேயே இருக்கின்றன. கை தேர்ந்தவர்களுக்கு எழுதியவை, தொடக்கமே கடினம்.

அடுத்து, லெவல் எடிட்டர். ‘க்ரானிக்கிள்ஸ்’ கணினிப் பதிப்போடு கோர் டிசைன் தன் எடிட்டரையும் 2000-இல் கொடுத்தது. அதைக் கொண்டும் பின்னால் ரசிகர்கள் எழுதிய கருவிகளைக் கொண்டும் இன்றுவரை புதுப்புது லெவல்கள் வருகின்றன, இலவசமாக. பெரும்பாலானவை நான்காவது கேமின் எஞ்சினில் ஓடுபவை. நீங்களே கட்டிப் பார்க்க விரும்பினால் பெரிய கோவில் வேண்டாம். ஆறுக்கு ஆறு கட்டத்தில் ஓர் அறை, நடுவில் இரண்டு கட்டப் பள்ளம், எதிர்ச்சுவரில் ஒன்றரைக் கட்ட உயரத்தில் ஒரு விளிம்பு, அதில் ஒரு நெம்புகோல், அது திறக்கும் ஒரு கதவு. இதை முதலில் கட்டுங்கள். பள்ளத்தின் இரு பக்கமும் இரண்டு கட்டத் தரையாவது விடுங்கள், இல்லையென்றால் லாராவுக்குப் பின்னால் துள்ளவும் ஓடவும் இடம் இருக்காது. பள்ளத்தின் அடியில் திரும்பி ஏறி வர ஒரு படியும் வையுங்கள். புதிதாகக் கட்டுகிறவர்கள் அடிக்கடி மறப்பது அந்தப் படியைத்தான்.